ஒன்பதுக்கு ஒரு நிமிஷம்

...அதான் சார் கேக்கறேன், இந்தப் பென் டிரைவ் நூத்தி அறுபது பக்கத்தை முழுங்கிட்டு, 'கோப்பு கெட்டுப்போச்சு, திறக்க முடியாது'ன்னு ஒத்தை வரி சொன்னா என்ன அர்த்தம்? கெட்டுப்போறதுக்கு அதென்ன தயிரா? நேத்து வெச்ச ரசமா? நன்னா உக்காருங்கோ, பெஞ்சுல இடம் இருக்கு. அந்த ஜவுளிக்கடை மஞ்சப்பையைப் பாத்ததுமே நம்மூர்னு கண்டுபிடிச்சுட்டேன். பத்மநாபனா? பேங்கா? கொல்கத்தாவுக்கு மாத்தலாகி ஒரு மாசம்தானா? பேஷ். நான் வெங்கடநாராயணன். துறைமுகத்துல முப்பத்துநாலு வருஷம். அப்பல்லாம் டைப்ரைட்டர் சார்... தட்டினா தட்டினதுதான். மாடியிலேர்ந்து போட்டாலும் ஒரு எழுத்து உதிராது!

ஜாதவ்பூர்ல இந்த மாதிரிக் கேஸெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் கடை தாதா ஒருத்தர்தான் எடுப்பார்னு சொன்னா. பயந்துடாதேங்கோ, இங்க தாதான்னா அண்ணா. கடை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டேன். திரையைப் பாருங்கோ, என்ன வருது? கட்டம்! கட்டம் கட்டமா... ஜாதகம் மாதிரி! என் ஆத்துக்காரி நாகலக்ஷ்மி மூணு வருஷமாத் தட்டினது சார். பக்கத்து ஃப்ளாட் மாஷிமா, நம்ம பாஷையில மாமி, பெங்காலியில எழுதின கதைகள். எண்பத்திரண்டு வயசு. அவர் வாசிப்பார், இவ கேட்டுக் கேட்டுத் தமிழ்ல தட்டுவா. நானா? நான் டீ போட்டேன். மூணு வருஷம் டீ போட்டேன் சார், லேசா? சென்னையில ஒருத்தர் புஸ்தகமாப் போடறேன்னுட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பியாகணும். மாஷிமா மாடிப்படியில பாக்கறச்சல்லாம் 'புஸ்தகம் எப்போ?'ங்கறார். லிஃப்ட் இல்லாத பில்டிங், தப்பிக்கவும் வழியில்லை.

தப்பு யாரோடதுங்கறேள்? என் பிள்ளை சதீஷோடது. அவனோட பழைய லேப்டாப்பை எங்க தலையில கட்டிட்டான். பேட்டரி செத்தாச்சு, ஒயரைப் பிடுங்கினா அணைஞ்சுடும். இல்லே இல்லே, இவளோடது. எதையும் லேப்டாப்புக்குள்ள வெக்க மாட்டா. பென் டிரைவ்லயே திறந்து, பென் டிரைவ்லயே தட்டி, அதுலயே மூடி... இன்னொரு காப்பி? கிடையாது! ஊறுகாய்க்கு மூணு ஜாடி வெச்சிருக்கா சார், இதுக்கு ஒண்ணே ஒண்ணு.

என்ன தாதா? ...கேக்கறார் பாருங்கோ, நடுவுல பென் டிரைவை யாராவது பிடுங்கினாளான்னு. நா, நா, தாதா! இல்லவே இல்லே! கரண்ட் போயிடுத்து. லோட்ஷெடிங்!

...ஏன் சார் அப்படிப் பாக்கறேள்?

சரி. யார்கிட்டயாவது சொல்லித்தானே ஆகணும். சனிக்கிழமை கார்த்தால கடைசிக் கதையை முடிச்சா. என்னத்தையோ அமுக்கிட்டு, 'வட்டம் சுத்தறது, நின்னப்பறம் பென் டிரைவை எடுங்கோ'ன்னுட்டுக் குளிக்கப் போனா. சுத்தறது... சுத்தறது... எட்டு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. எதிர்ச் சுவத்துல காலண்டர். மச்சினன் மயிலாப்பூர்லேர்ந்து வருஷா வருஷம் அனுப்பறது. சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதுலேர்ந்து பத்தரை! மூணு வருஷ உழைப்பு சார், ராகு காலத்துலயா முடியணும்? நீங்களே சொல்லுங்கோ! ஒன்பதுக்கு ஒரு நிமிஷம் இருந்தது. பிடுங்கிட்டேன்.

தலையைத் துவட்டிண்டு வந்தா. 'கரண்ட் போயிடுத்து நாகு'ன்னேன். ஃபேன் சுத்திண்டிருந்தது. அண்ணாந்து ஃபேனைப் பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா. மூணு நாளா டீயை அவளே போட்டுக்கறா சார்.

ஃபோன்ல என்ன தேடறேள்? ...கொல்கத்தா ராகு காலத்துக்குத் தனிக் கணக்கா? சூரியோதயத்தை வெச்சா? ஆமா, இங்க அஞ்சு மணிக்கே வெயில் வந்துடறதே... சனிக்கிழமை எத்தனை மணிக்கு? எட்டேகாலா! அப்ப நான் பிடுங்கினதே ராகு காலத்துக்கு நட்ட நடுவுலயா! அட ராமா... நாப்பது வருஷமா இந்த ஊர்ல அந்தக் காலண்டரை வெச்சுண்டுதானே எல்லாம் பண்ணினேன்!

என்ன தாதா? வந்துடுத்தா? எழுத்து வந்துடுத்து சார்! நூத்தி நாப்பத்தெட்டுப் பக்கம்! ...மீதி? கடைசிக் கதை இல்லையா? இனிமே வராதா? அவதான் திரும்பத் தட்டணுமா?

ஐயோ, ஃபோன் அடிக்கறது. அவதான். சார், சார், அதுலயே பாருங்கோ... இன்னிக்கு செவ்வாய். இப்ப ராகு காலமா? மூணு மணிக்கு மேலதானா? எமகண்டம்? முடிஞ்சுபோச்சா? குளிகை? ...நன்னாப் பாருங்கோ சார்! ...ஒண்ணுமே இல்லையா?

அலோ... நாகு... அன்னிக்குக் கரண்ட் போகலை.