பதிவறையின் வேரம்மா

தலைமை ஏற்றிருக்கும் கண்காணிப்பாளர் அவர்களே, மேடையிலிருக்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, துப்புரவுப் பணியாளர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் வேரம்மாவின் கணவரே, மகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மருத்துவமனையின் மருந்தகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் நான். மேடையில் பேசிப் பழக்கமில்லை. வேரம்மா இல்லையாம்! உங்களால் நம்ப முடிகிறதா?

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. கோப்புக்கட்டைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறியவர், பாதியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த நான், "என்னம்மா, அதுக்குள்ள ரெஸ்டா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார், மூச்சு வாங்குது. நீங்க போங்க" என்றார்.

நான் போய்விட்டேன். போய்விட்டேன், நண்பர்களே! கோப்புகள் சரிந்து விழும் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இருபதடி தூரத்தில் இதய மருத்துவரின் அறை! எதிரிலேயே அவசரப் பிரிவு! ஊருக்கெல்லாம் உயிர் கொடுக்கும் கட்டிடத்துக்குள்ளேயே நம் ஆளை விட்டுவிட்டோமே! நான்கு நாளாக அந்தப் படிக்கட்டில் என்னால் கால் வைக்க முடியவில்லை.

யார் இந்த வேரம்மா? பத்தாம் வகுப்பு படித்துவிட்டு, தட்டச்சுத் தேர்வு எழுதி, பதிமூன்று ஆண்டுகளுக்கு முன், நோயாளிகளின் கோப்புகள் இருக்கும் பதிவறையில் வேலைக்குச் சேர்ந்தவர். முதல் மாதமே ஒரு நோயாளியின் அறிக்கையில் 'நெஃப்ரெக்டமி' என்ற சொல்லைத் தப்பும் தவறுமாக அடித்துவிட்டார். அறுவை மருத்துவர் தாளை மேசையில் வீசி, "இங்கிலீஷ் தெரியாம இங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்று கத்தினார்.

வேறொருவராக இருந்தால் அழுதிருப்பார். இவர் நேராகப் பழைய புத்தகக் கடைக்குப் போனார். ஆங்கிலச் சொற்களின் கிரேக்க, லத்தீன் வேர்களை விளக்கும், அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். ஒரே வாரத்தில் என் மருந்தக ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"சார், அது ஒரு வார்த்தையே இல்ல. மூணு பேரு தோள்ல கை போட்டு நிக்கிறாங்க. நெஃப்ரோன்னா சிறுநீரகம், எக்னா வெளியே, டமின்னா வெட்டுறது. கையை எடுத்துவிட்டா ஒவ்வொருத்தரையும் அடையாளம் தெரியுது!"

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "வேரைத் தோண்டுற வேரம்மா!" என்று கேலி செய்தேன். அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. பாவி நான், கேலியாக வைத்த பெயரைத்தான் இன்று மரியாதையோடு உச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

என் கேலிக்குப் பதிலடி மூன்றாம் ஆண்டில் கிடைத்தது. வீட்டுக்குக் கிளம்பும் ஓர் அம்மாவுக்கு நான் மாத்திரைகளைக் கட்டி வைத்திருந்தேன். வேரம்மா அறிக்கையோடு ஓடி வந்தார்.

"சார், இந்த மாத்திரை தைராய்டைக் கூட்டுமா, குறைக்குமா?"

"கூட்டும். ஏன்?"

"இங்க 'ஹைப்பர்'னு போட்டிருக்கே. ஹைப்பர்னா மேல, ஹைப்போன்னா கீழ. ஏற்கெனவே மேல போனதை இன்னும் எதுக்கு சார் ஏத்துறீங்க?"

கட்டிய மாத்திரைகளை ஓரமாக எடுத்து வைத்தேன். ரத்தப் பரிசோதனையை எடுத்துப் பார்த்தால், வேரம்மா சொன்னதுதான் சரி. மருந்துச்சீட்டு எழுதிய மருத்துவரின் கை தவறியிருந்தது. படித்துப் பட்டம் வாங்கிய என் கண்ணுக்கு அது படவே இல்லை. அன்று ஓர் உயிரைக் காத்தது யார்? பட்டமா? இல்லை! பென்சிலால் கோடு போட்டுச் சொல்லைப் பிரித்துப் படித்த ஒரு தட்டச்சாளர்!

அடுத்த புதன்கிழமையே பதிவறையில், சொற்களைப் பிரித்துப் படிக்கச் சொல்லித்தரும் வேரம்மாவின் வகுப்பு தொடங்கியது. சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம். வந்தவர்கள் யார்? ஓட்டுநர்கள், வார்டு உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள். அவர்களில் ஒருவர் சென்ற மாதம் தன் கணவரின் கட்டி பற்றிய அறிக்கையோடு வந்தார்.

"அக்கா, இதுல 'பினைன்'னு இருக்கு. பெனேன்னா லத்தீன்ல நல்லதுன்னுதானே சொன்னீங்க? அப்ப எங்க வீட்டுக்காரருக்கு வந்தது நல்ல கட்டியா?"

"கட்டியில என்னடி நல்ல கட்டி! கெடுதல் பண்ணாத கட்டி. எதுக்கும் வா, டாக்டர் வாயாலயே கேட்டுடுவோம்."

மருத்துவரும் அதையே சொன்னார். அந்தத் தங்கை இதோ, பின்வரிசையில் அழுதுகொண்டு நிற்கிறார்.

நேற்று வேரம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் சொன்னாள்: "அங்கிள், எங்க யாருக்குத் தலை வலிச்சாலும் அம்மா விடமாட்டாங்க. தனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு மட்டும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல." அம்மா, உங்கள் வலியை மட்டும் ஏனம்மா பூட்டி வைத்தீர்கள்?

கண்ணீரோடு கலைந்து போவதற்கா கூடியிருக்கிறோம்? இல்லை. கண்காணிப்பாளர் அவர்களே, பதிவறையை எங்களுக்குத் திறந்து வையுங்கள். நாளை மறுநாள் புதன்கிழமை. ஒரு மணிக்கு வகுப்பு உண்டு. இனி எல்லாப் புதன்கிழமையும் உண்டு. இது வேரம்மாவின்மீது ஆணை.

நடத்தப்போவது நானல்ல. வகுப்பு தொடங்கிய நாள் முதல் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தவர், பின்வரிசையில் நிற்கும் அந்தத் தங்கைதான். சற்றுமுன் கேட்டேன். "ஐயோ சார், எனக்குப் படிக்கத்தான் வரும், எழுத வராதே!" என்று பதறினார்.

"நீங்க சொல்லுங்கம்மா, போர்டுல நான் எழுதுறேன்" என்றேன்.