மடங்காத முழங்கால்

“எலும்புக்கு உயிர் இருக்கா, இல்லையா?” என்று ஆறாம் வகுப்பில் டீச்சர் என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியும். இருக்கிறது. அதற்குள் ரத்தம் ஓடுகிறது, முறிந்தால் தானே கூடிக்கொள்கிறது. ஆனால் எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது.

“என்னடி மிர்ணா, நாக்குல எலும்பு முளைச்சு மாட்டிக்கிச்சா?” என்றார். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பாடப்புத்தகத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

வீட்டில் நானும் நெய்தா அக்காவும்தான். அப்பா வேறு குடும்பத்தோடு இருந்தார். அம்மா கல்லறையில், மரப்பெட்டியில் இருந்தாள். எங்கள் ஊரில் இறந்தவர்களை மூன்று வருஷத்தில் தோண்டியெடுத்துப் பெட்டியில் வைப்போம். ஒவ்வொரு வருஷமும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்னால் எலும்புகளைத் தூசி தட்டித் துடைத்து, புதுத் துணி விரிப்போம். அம்மாவைத் துடைத்துத்தான் நான் உடம்பைப் படித்தேன். தொடை எலும்புதான் இருப்பதில் நீளம். முழங்கால் சில்லு கிளிஞ்சல் மாதிரி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெட்டியில் இல்லாததைப் புத்தகம் சொன்னது. தசைக்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். இழுத்ததை விடுவிக்க எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தசை வேண்டும். எங்கள் வீட்டில் எனக்கு எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை.

அக்கா ஆடுவாள். தலையில் தட்டு, தட்டில் நிறைந்த தம்ளர்கள், கீழே பாதங்கள் பலகையை உதைக்கும். ஒரு சொட்டு சிந்தாது. மெரிதா நகரத்தில் ஒரு நடனக் குழு அவளைக் கூப்பிட்டிருந்தது. போவதற்கு முன் ஊர்த் திருவிழாவில் ஆடும்போது மேடைப் பலகை உடைந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள்.

கட்டைப் பிரித்த அன்று அக்கா ஆஸ்பத்திரிக்கு வெளியே சைக்கிள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் லிகியா என்னிடம்தான் சொன்னார்: “எலும்பு நல்லா கூடிடுச்சு. இனிமே தினமும் முழங்காலை மடக்கணும். கத்துவா. பாவம்னு விட்டுடாதே, விட்டா பலகை மாதிரி ஆயிடும். வாராவாரம் கூட்டிட்டு வா.”

“மெரிதாவுக்குப் போறா. அங்க பாத்துக்குவா” என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் தடுமாறாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

அக்காவிடம், “எலும்பு இன்னும் பச்சையா இருக்காம். மடக்கினா திரும்ப விட்டுடுமாம்” என்றேன்.

இரண்டு பக்கமும் பலகை வைத்து நானே கட்டினேன். ஒருநாள் எனக்குத் தெரியாமல் மடக்கப் பார்த்து அலறினாள். “சொன்னேன்ல?” என்றேன். என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். “நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்டி” என்றாள்.

தினமும் தைலம் தேய்த்துவிட்டேன். தொடைச் சதை வற்றிக்கொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் என் இரண்டு கைகளும் அந்தத் தொடையைச் சுற்றிப் பிடித்து, விரல்நுனிகள் தொட்டுக்கொண்டன. எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்று அந்தத் தைல வாசனை வந்தால் சாப்பிட முடிவதில்லை. அவளுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. தலை வாரினேன், சோளரொட்டியைச் சூடாகக் கொடுத்தேன்.

அக்டோபர் கடைசியில் கல்லறைக்கு அவளைச் சைக்கிள் வண்டியில் கூட்டிப்போனேன். அம்மாவுக்கான துணியில் பூ தைத்தவள் அவள்தான். உட்கார்ந்தே இருந்ததால் இந்த வருஷம் நிறையப் பூக்கள். பக்கத்து வரிசையில் நர்ஸ் லிகியா தன் அப்பாவின் மண்டையோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏய் நெய்தா! மெரிதாக்காரி எப்ப வந்தே? என்ன, மகாராணி மாதிரி காலை நீட்டிக்கிட்டு? மடக்கி உக்காரு.”

“மடக்கக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொல்லி அனுப்பினீங்க? மெரிதாவுக்கு நான் எங்க போனேன்?”

“நானா? அழுதாலும் விடாம மடக்குன்னு உன் தங்கச்சிகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.”

அக்காவின் கையில் அப்போது அம்மாவின் முழங்கால் சில்லு இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வகுப்பறையில் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. நான் செய்தேன், தெரிந்தே செய்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

அவள் சில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். நீள எலும்புகளை அடுக்கினாள். மேலே தலையை வைத்து, அதில் மிச்சமிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, துணியின் ஓரங்களைச் சரிசெய்தாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். நான் நீட்டிய கையைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அந்தக் கால் அரைவட்டமாக மணலைக் கீறிக்கொண்டே போனது.

நான் பின்னால் ஓடவில்லை. எவ்வளவு தூரம் போய்விடுவாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் இடுப்பு வலிக்கும், வெந்நீர் வைத்துத் தரவேண்டும் என்றும் நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கல்லறை வாசலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் வலப்பக்கம், மெரிதா பஸ் நிற்கும் மரத்தடிக்குத் திரும்பினாள்.