தம்பிக்குச் சொன்ன ஒரு வார்த்தை

தண்ணீருக்கு நன்றி. இருட்டறையில் உட்கார்ந்து நாளெல்லாம் ஸ்கேன் படம் பார்க்கிறவளுக்குத் தொண்டை வறள்வதே தெரியாது.

மூளை சர்ஜன் என் தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. ஆளாக்கியவள் நான். ஒரே ஆஸ்பத்திரியில்தான் வேலை. நான் ஸ்கேன் டாக்டர். தொடக்கத்தில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னாலும் பின்னாலும் என் அறைக்கு ஓடி வருவான். "அக்கா, நீ ஒரு கண்ணு பாத்துடு" என்பான். பிறகு பெயர் வந்தது. எல்லோரும் தங்கக்கை என்றார்கள். படங்களைத் தன் மேஜையிலேயே பார்த்துக்கொண்டான். எதிரே வந்தால் "சாப்டியாக்கா?" என்று கேட்பான், பதிலுக்கு நிற்க மாட்டான்.

எனக்கு வருத்தமில்லை. அவனுக்குத்தான் ஆபத்து என்று பட்டது. யாரையும் கேட்க வேண்டாம் என்று நினைக்கிற சர்ஜன் ஒருநாள் பெரிதாகச் சறுக்குவான்.

அந்தத் தையல்காரம்மாவுக்கு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. தம்பி தலைத்தோலில் ஓடும் குழாய் ஒன்றை மண்டையோட்டில் போட்ட துளை வழியே உள்ளே செலுத்தி, மூளைக் குழாயோடு சேர்த்துத் தைத்தான். அருமையான வேலை. அதை நான் மறுக்கவே இல்லை. மறுநாள் அந்தம்மாவுக்குப் பேச்சு தடுமாறியது. ஸ்கேனுக்குக் கொண்டுவந்தார்கள்.

"துணி வெட்டுவோமே டாக்டரம்மா, அது பேரு... வாய் வரைக்கும் வருது, வெளிய வரமாட்டேங்குது." சிரித்தாள். "எங்க வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம்தான்."

"கத்தரிக்கோல்," என்றேன்.

"அதேதான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சு தடுமாற இரண்டு காரணம் உண்டு. தைத்த குழாய் அடைத்து ரத்தம் போகாமல் இருக்கலாம்; அப்போது ரத்த அழுத்தத்தை ஏற்ற வேண்டும். அல்லது பட்டினி கிடந்த மூளைக்குள் ரத்தம் அளவு மீறிப் பாயலாம். அப்போது இறக்க வேண்டும். அதற்குப் பதில் ஏற்றினால் மூளைக்குள் ரத்தம் கசியும். ஆளைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. படம்தான் சொல்லும்.

படம் சொன்னது. தைத்த பக்கம் முழுக்கச் சிவப்பு. ரத்தம் அதிகம்.

தம்பி வேறொரு ஆபரேஷனில் நின்றிருந்தான். நர்ஸ் அவன் காதில் போனைப் பிடித்திருந்தாள். "அக்கா, இங்கிருந்து கையை எடுக்க முடியாது. ஏத்தணுமா, இறக்கணுமா? சீக்கிரம் சொல்லு."

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது. என்னை விட்டால் அவனுக்கு வேறு ஆளில்லை.

"ஏத்து," என்றேன்.

சின்னதாகக் கசியும், பயந்துபோய் என்னிடம் ஓடி வருவான், நான் பார்த்துச் சொல்வேன், சரிசெய்துவிடலாம் என்றிருந்தேன். கசிவு சின்னதாக இல்லை. மாலைக்குள் அந்தம்மா போய்விட்டாள். அவள் கணவர் வராந்தாவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "கடைசியா ஏதாச்சும் பேசுச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி நொறுங்கிப் போனான். தன் தையல்தான் அடைத்துக்கொண்டது என்று நம்பினான். அன்றைய படத்தைத் திறக்கவே அவனுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு படத்தையும் தனியாகப் பார்க்கவில்லை. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தனக்கொரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டான். அந்த மாதங்கள் நன்றாக இருந்தன.

எங்கே தவறினோம் என்று தேடித்தான் ஒருநாள் அந்தப் படத்தைத் திறந்திருக்கிறான். என் அறை வாசலிலேயே நின்றான்.

"அக்கா, இவ்ளோ சிவப்பா இருக்கே. நீ கவனிக்கலையா? அன்னிக்கு ரொம்ப அசதியா இருந்தியா?"

ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பான். ஆனால் அவனிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"கவனிச்சேன்," என்றேன்.

உங்களுக்குச் சொன்னது அவன்தான் என்று தெரியும், இன்ஸ்பெக்டர். கோபமில்லை. இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வருவான். இந்த வாரம் அவனுக்கு அதே மாதிரி இன்னொரு மூளை பைபாஸ் ஆபரேஷன் இருக்கிறது. படத்தை வேறு யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவான்?