ராஜாளிக்கு வாங்கிய மருந்து

டீயில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, மன்னியுங்கள் தம்பி. உங்கள் வாப்பாவுக்குப் போட்டுப் போட்டு அந்த அளவே கைக்குப் பழகிவிட்டது.

இந்த வெயிலில் துபாய் கராமாவிலிருந்து பஸ் ஏறி அல் ஐன் வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடித்து இந்த மஸ்ராவுக்கு வந்திருக்கிறீர்கள். ஒட்டகமும் பேரீச்சையும் தவிர வேறு எதுவும் இல்லாத தோட்டம் இது. இங்கே யாரும் யாரையும் தேடி வருவதில்லை. வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வாப்பாவக் கடைசிவரைக்கும் பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டீங்கண்ணே. இந்த சாகிர் உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்" என்றீர்கள். அவருடைய கைக்கடிகாரத்தை எனக்கென்று மேசைமேல் வைத்தீர்கள். அதை எடுத்துப் பையில் போடுங்கள். நான் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு அதை எனக்குக் கொடுக்க உங்களுக்கு மனது வராது.

என் தங்கை பானுமதியின் புருஷன் மாயாண்டியை உங்களுக்குத் தெரியாது. கமுதிப் பக்கம் கருவேலங்காட்டில் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தவன். நான்தான் சொல்லிவைத்து இங்கே வரவழைத்தேன். இந்த மஸ்ராவில் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு டூட்டி. ஒன்று ராஜாளி ரூம். எங்கள் அரபு முதலாளி அர்பாபின் வேட்டைப் பறவைகள் இருக்கும் இடம், எந்நேரமும் ஏசி ஓடும். தரையைத் துடைத்து, காடைக்கறி நறுக்கி வைத்தால் வேலை முடிந்தது. மற்றது குடோன். ஒட்டகங்களுக்கான காய்ந்த புல்லுக்கட்டு கூரைவரை அடுக்கியிருக்கும். எப்போதாவது பெய்கிற மழை ஒழுகி அடிக்கட்டெல்லாம் பூத்துப்போய்விடும். பிரித்து உதறினால் சாம்பல் மாதிரி தூசி கிளம்பி, பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. எனக்கு ராஜாளி, மாயாண்டிக்குக் குடோன். அப்படிப் போட்டவர் மேனேஜர் செய்கு அலாவுதீன் பாய், உங்கள் வாப்பா.

ஒரு கோடை முழுக்க மாயாண்டி அந்தத் தூசியைத் தின்றான். இருமல் பிடித்தது. "மச்சான், நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்பான். வாப்பாவிடம் போய் நின்றான். "தூசின்னா இருமத்தான் செய்யும். ஒரு பனடால் போட்டுட்டு டூட்டிக்குப் போ, யல்லா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

விசா புதுப்பிக்க மெடிக்கல் போனபோது எக்ஸ்ரேயில் நிழல் விழுந்திருந்தது. டிபி என்றார்கள். டிபி என்றால் இந்த நாட்டில் இடமில்லை, கலாஸ். ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே மாதக்கணக்கில் டிபி மாத்திரை தின்று, எலும்பும் தோலுமாகிச் செத்தான். அவனுக்கு இருந்தது டிபியே இல்லை.

அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் செத்துப்போன அதே குளிர்காலத்தில் அர்பாபின் பெரிய ராஜாளிக்கு மூச்சு முட்டியது. குரல் கம்மிப்போய் இரை எடுக்கவில்லை. உங்கள் வாப்பா பதறிப்போனார். எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் அவர் லாக்கரில் பூட்டிக்கிடந்தன. ராஜாளிக்கும் ஒரு பாஸ்போர்ட் உண்டு, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவரே வண்டியை எடுத்தார். ஏசியை முழுக்க வைத்து, பறவையைக் கையில் ஏந்தியபடி நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பறவை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பழைய ரொட்டியில் பூக்குமே, அந்த மாதிரி உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. அங்கிருந்த கேரளத்து நர்ஸ் ஷியாமளா எனக்குத் தமிழில் விளக்கிச் சொன்னாள். காய்ந்த புல்லில் வருகிற பூஞ்சணமாம். தூசியோடு உள்ளே போய் நுரையீரலில் முளைத்துவிடுமாம்.

"மனுசனுக்கும் வருமா?" என்று கேட்டேன்.

"வரும் அண்ணா. எக்ஸ்ரேல பாத்தா டிபி மாதிரியே இருக்கும். அதுலயும் இழுப்புக்கு ரொம்ப நாளா மாத்திரை சாப்பிடறவங்க ஜாக்கிரதையா இருக்கணும். அவங்க ஒடம்பு எதுத்து நிக்காது."

உங்கள் வாப்பாவுக்கு இழுப்பு உண்டு. தலைமாட்டில் அந்த மாத்திரை டப்பா இல்லாமல் அவர் படுத்ததில்லை. திரும்பி வரும்போது, பறவை பிழைத்துக்கொள்ளும் என்ற சந்தோஷத்தில் வழியில் நிறுத்தி எனக்குக்கூட ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். பறவைக்குப் பெட்டி நிறைய மருந்து, என் தங்கை புருஷனுக்குப் பனடால். வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவர் ரூமைப் பெருக்குவதும் ஏசி வலையைக் கழுவிப்போடுவதும் என் வேலைதான். வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போவார். நான் வலையைக் கழுவிக் காயவைத்து, குடோனின் அடிக்கட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து வந்து உள்ளே உதிர்த்து மூடிவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. வேலையில் நான் ஒழுங்கானவன் என்று வாப்பாவே உங்களிடம் சொல்லியிருப்பார்.

இருமல் தொடங்கியதும் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். முதுகு நீவிவிட்டேன். சளித் தட்டை முகம் சுளிக்காமல் கழுவினேன். அதெல்லாம் நடிப்பென்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. மாயாண்டி எப்படிப் போனான் என்று நான் பார்க்கவில்லையே.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, நீங்கள் வந்து சேருவதற்கு முன்னால், டாக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இவர் தூசியில், புல்லில் புழங்குகிறவரா என்றார். நல்ல டாக்டர், சரியான இடத்தில் கையை வைத்துவிட்டார். "மாஃபி, அதெல்லாம் இல்ல டாக்டர். ஆபீஸ் வேலை, ஏசி ரூம்" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் தலையாட்டிவிட்டு வேறு ஏதோ மருந்து ஏற்றச் சொன்னார். ராஜாளிக்கு வாங்கியதில் மிச்சம் இந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது, உங்கள் டீக்குப் பால் எடுத்த தட்டில். பறவை இப்போது நன்றாகப் பறக்கிறது.

எழுந்திருக்க வேண்டாம், முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் வாயை மூடிக்கொண்டு அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருக்கலாம். எவனுக்கும் சந்தேகமில்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை தம்பி. ஏன் செத்தார் என்று அவர் வீட்டுக்குத் தெரியாவிட்டால் அது வெறும் சாவு, பழிக்குப் பழியாகாது. உங்கள் உம்மா ஜுபைதாம்மாவிடம் நான் சொன்னபடியே சொல்லுங்கள். பானுமதி அழுத மாதிரி அவரும் அழட்டும். போலீஸைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள். கிளாஸைக் கழுவிவைத்துவிட்டு இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. கடைசி நாள் அவர் காதோடு குனிந்து, இது மாயாண்டிக்காக என்று சொன்னேன். புரிந்துகொண்டார். மூச்சுக்குப் போட்டிருந்த மாஸ்க்கை விலக்கிவிட்டு என்னையே பார்த்தார். அதில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"உடையப்பா, ராஜாளி டூட்டிக்கு நான் மாயாண்டியத்தானேப்பா போட்டேன். நீதானே வந்து, அவனுக்குப் பறவையக் கண்டா பயம், குடோனே போதும், என்னையப் பறவைக்குப் போடுங்க பாய்னு கேட்டே."

கேட்டேன்தான். அதற்கு முந்தின கோடையை அந்தக் குடோனில் கழித்தவன் நான், ஏசியின் அருமை எனக்குத்தான் தெரியும். மாயாண்டிக்குப் பறவையைக் கண்டு பயமெல்லாம் கிடையாது. ஊரில் கௌதாரி பிடித்து வளர்த்தவன். ஆனாலும் தம்பி, சொல்கிறவன் சொன்னால் கேட்கிறவருக்குப் புத்தி எங்கே போயிற்று?