ஹாஜியா கொடுத்த தண்ணி

வர மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன் வஸீலா? வர்றேன்னுதானே சொல்றேன். உன்கூட ஹாஜியா வீட்டுக்கு வந்து, அந்த அம்மா முகத்துக்கு நேரா, பேட்டரியில தண்ணி ஊத்துனது உன் புருஷன் ஷாயிஃப் இல்லன்னு சொல்றேன். ஆனா எனக்கு என்ன பயம்னா, தப்பாச் சொல்லிப்புடுவேன். அஞ்சாம் வகுப்போட நின்னவ நான். பெரிய மனுஷங்க முன்னாடி வாயத் தொறந்தா முன்னால வர வேண்டியது பின்னால போயிடும். ஒரு வார்த்தை பிசகினா நம்ம ரெண்டு குடும்பமும் போச்சு. அதனால முதல்ல உன்கிட்ட ஒரு தடவ சொல்லிப் பாக்குறேன். நீதான் ஹாஜியான்னு வச்சுக்கோ. எங்கயாவது தடுமாறினா திருத்து.

அந்தப் பலகையில உட்காராத. ஆசிட் சிந்தியிருக்கு, துணி பொத்துப் போகும். இப்படி பாய்ல உட்காரு. எங்க வீட்டுக்காரர் முக்பில் ரொட்டி வாங்கப் போயிருக்காரு. வந்ததும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு மூணு பேருமாப் போவோம். அவரு கூட வந்தா நமக்கும் தெம்பு.

கதவா? வெளிய மண்ணு வாரிக் கொட்டுதேன்னு சாத்துனேன். தெரியும், தெரியும். பேட்டரிக்கு சார்ஜ் ஏறும்போது கதவ சாத்தக் கூடாது. உன் புருஷன் இந்தச் செவுத்துல கரியால எழுதியே வச்சிருக்கான் பாரு. சார்ஜ் ஏறுறப்ப அது மூச்சு விடுமாம், அந்த மூச்சு வெளிய போக வழி இல்லன்னா ஒரு பொறி போதுமாம், எல்லாம் மேல போயிடுமாம். நெடி அடிக்குதுல்ல? மேல ஜன்னல் திறந்துதான் கிடக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது.

குழந்தைய உன் அம்மாகிட்ட விட்டுட்டு வந்தியா? நல்ல வேளை. இந்த நெடி பச்சப் புள்ளைக்கு ஆகாது.

சரி, எங்க ஆரம்பிக்கிறது? ஷாயிஃப் எப்படிப்பட்டவன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கவா? இந்த ஊருக்கு கரண்ட் நின்னதுல இருந்து, எல்லாரு வீட்டு விளக்கும் கார் பேட்டரியிலதான் எரியுது. அதுக்கு முன்னாடியும் வண்டி இருந்துச்சு, பேட்டரி இருந்துச்சு, ஆனா இந்த திஹாமா கடலோர வெயில்ல ஒரு கோடை தாண்டுனா எடைக்குத்தான் போடுவாங்க. ஷாயிஃப் எங்க பேட்டரி கடைக்கு வேலைக்கு வந்தப்புறம்தான் மூணு கோடை, நாலு கோடைன்னு ஓடுச்சு. என்ன மந்திரம்டா வச்சிருக்கன்னு கேட்டா சிரிப்பான். பேட்டரிய மாமியாரப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்கணும் அக்கா, பட்டினியும் போடக் கூடாது, வயிறு முட்டவும் ஊட்டக் கூடாது, தலையில வெள்ளையாப் பூத்தா வெந்நீர் விட்டுத் துடைச்சு கிரீஸ் தடவி விடணும்பான். முக்பில் உடனே, என் மாமியார் தலையில கிரீஸ் தடவுனேன்னா உங்க அக்கா என் தலையில ஆசிட் ஊத்துவாம்பாரு. ரெண்டு பேரும் காத் இலைய கன்னத்துல அடக்கிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் இதே பேச்சுதான்.

சிரிக்கிறியே. சிரி. நானும் சிரிச்சவதான்.

அவன் சொன்னதெல்லாம் எனக்கும் மனப்பாடம். முழுசா இறங்கின பேட்டரிய அப்படியே போட்டு வைக்காத, தகட்டுல வெள்ளை படிஞ்சா எழுந்திரிக்காது. அவசரமா ஏத்தாத, மெதுவா ஏத்து. தண்ணி குறைஞ்சா ஆசிட்ட ஊத்தாத, ஆசிட் எங்கயும் போகல, வெயில் குடிச்சது தண்ணியத்தான். அந்தத் தண்ணியும் பாட்டில்ல வர்ற பேட்டரி தண்ணியா இருக்கணும். கிணத்துத் தண்ணி சொட்டு பட்டாலும் விஷம்.

இதெல்லாம் ஹாஜியாகிட்ட சொல்ல வேணாமா? அதுவும் சரிதான். பாத்தியா, இதான் நான் பயந்தது. வளவளன்னு இழுத்துடுவேன்.

நேரா அந்த நாளுக்கு வர்றேன். ராஜிஹ் இந்த ஊரு தளபதி, மேட்டு முகாமுக்கே அவன்தான் தலைன்னு ஹாஜியாவுக்கு நான் சொல்லணுமா என்ன, அந்த அம்மா பெத்த மகனாச்சே. அவனோட ஹைலக்ஸ் வண்டி இங்க வந்து நின்னுச்சு. ஓட்டிக்கிட்டு வந்தது அவன் தம்பி, ஃபாரிஉ. பின்னாடி ஹாஜியா. மடியில ஒரு வெள்ளக் கேன். ஸம்ஸம் தண்ணி. போருக்கு முன்னாடி மக்காவுல இருந்து கொண்டாந்து, யாருக்கும் ஒரு மடக்கு கொடுக்காமப் பூட்டி வச்சிருந்தது. என் புள்ளைங்க போற வண்டிக்கு இனிமே இதத்தான் ஊத்தணும், இது ஓடுற வண்டிய எந்தக் குண்டும் தொடாதுன்னாங்க.

ஷாயிஃப் அப்ப மரியாதையாத்தான் பேசுனான். அம்மா, இது மனுஷன் குடிக்க ஆண்டவன் கொடுத்த தண்ணி, இதுல உப்பும் சத்தும் இருக்கு, பேட்டரிக்குச் சத்து இல்லாத தண்ணிதான் வேணும்னான். ஹாஜியா முகம் மாறிடுச்சு. ஸம்ஸம விட உன் பாட்டில் தண்ணி சுத்தமோன்னாங்க. ஃபாரிஉ துப்பாக்கிய மடியில வச்சுக்கிட்டு சிரிச்சான். ஷாயிஃப் விடல. வண்டி மேல தெளிக்கிறேன், சக்கரத்துக்கு ஊத்துறேன், மிச்சத்த அவங்களே குடிக்கட்டும், உள்ள மட்டும் வேணாம்னான். நல்ல யோசனைதான். வேற யாரா இருந்தாலும் கேட்டிருப்பாங்க.

ஹாஜியா என்னையப் பாத்தாங்க. பொம்பளைக்குத்தான் ஆண்டவன் மேல ஈமான் இருக்கும், நீ ஊத்துடீன்னாங்க.

நான் ஊத்துனேன். பிஸ்மில்லா சொல்லி, ஆறு மூடியையும் திறந்து, ஒரு சொட்டு கீழ சிந்தாம. ஹாஜியா தலைய ஆட்டுனாங்க. ஷாயிஃப் கையத் துடைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டான். இவ்வளவுதான் நடந்துச்சு. இதைத்தான நீ என்னையச் சொல்லச் சொல்ற? சரியாச் சொல்றேனா?

அழாத. டீ குடி. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்.

ஷாயிஃப் சாப்பிடுறானா நேரத்துக்கு? எங்க இருக்கான்னு சொல்லாத, சொல்லவே சொல்லாத, எனக்குத் தெரியாம இருக்கிறதுதான் எனக்கு நல்லது. அந்தப் பக்கம் உப்பளத்துல உன் அண்ணன் இருக்கானே, அங்கதான் இருப்பான்னு முக்பில் நெனைக்கிறாரு. இல்லயா? சரி விடு. கேக்கல.

ரெண்டு மாசம் வண்டி ஓடத்தான் செஞ்சுச்சு. ஹாஜியாவுக்குப் பெருமை. அப்புறம் ஒரு நாள் சாவியத் திருப்புனா இழுத்து இழுத்துத்தான் கிளம்புது. ஷாயிஃப் மூடியத் திறந்து பாத்துட்டு என்கிட்ட வந்தான். அக்கா, உள்ள சேறு மாதிரி இருக்கு, ஏத்துற சார்ஜ் தானாவே இறங்குது, நம்மகிட்ட இருக்கிற பேட்டரிய இதே மாதிரி தூசி அப்பி மாட்டிடுறேன், ஒருத்தருக்கும் தெரியாதுன்னான். நான்தான் வேணாம்னேன். பழைய பேட்டரிய என்ன பண்ணுவ? உள்ள இருக்கிறதச் சாக்கடையில கவுப்ப. ஸம்ஸமச் சாக்கடையில ஊத்துனோம்னு ஹாஜியா காதுல விழுந்தா? நீயே சொல்லு, நான் செஞ்சது தப்பா? மெதுவா ஒரு நாள் பூரா சார்ஜ் போட்டுக் கொடு, வழியில நின்னா தள்ளிக்குவாங்கன்னேன்.

தள்ளத்தான் ஆள் இல்லாமப் போச்சு. ஸபீத் ரோட்டுல, மணல்ல, உச்சி வெயில்ல. ஃபாரிஉக்கு தொடையில குண்டு பட்டிருக்கு. ராஜிஹ்தான் வண்டிய ஓட்டுறான். ரத்தம் நிக்கலன்னு, கட்டுப் போட எஞ்சின அணைச்சிருக்கான். அணைச்சதுதான். அப்புறம் டிக்குனு ஒரு சத்தம் மட்டும்தான் வந்துச்சாம். டிக், டிக். அண்ணன் சாவியத் திருப்பத் திருப்ப தம்பி பக்கத்து சீட்டுல செத்துப் போனான். வேற வண்டி வர்றப்ப ஈ மொய்ச்சிருந்துச்சாம்.

அப்ப ஹாஜியா என்ன செஞ்சாங்க தெரியுமா? கேன்ல மிச்சம் இருந்த தண்ணியக் கொண்டாந்து அந்தப் பையனப் பொதிஞ்ச கஃபன் துணி மேல தெளிச்சாங்க. என் கண்ணால பாத்தேன். தெளிக்கிறப்ப என்னைய ஒரு பார்வை பாத்தாங்க. அந்த அம்மாவுக்குத் தெரியும் வஸீலா. ஷாயிஃப் சொன்னது அட்சரம் பிசகாம அந்த அம்மா காதுல இருக்கு. நீ என்னைய அங்க வந்து சத்தியம் பண்ணச் சொல்ற. தெரியாதவங்ககிட்டத்தான் சத்தியம் எடுபடும். தெரிஞ்சவங்ககிட்ட என்ன எடுபடும்?

இல்ல இல்ல, வர மாட்டேன்னு சொல்லல. உட்காரு. முக்பில் வந்துடட்டும்.

ராஜிஹ் ஆளுங்க இங்க வந்தது அடக்கம் முடிஞ்ச கையோட. நீ கேள்விப்பட்டதுல பாதிதான் உண்மை. முக்பில ஸ்பேனரால வாயிலயே அடிச்சாங்க. முன்பல்லு எல்லாம் இந்தா இந்த மூலையிலதான் கிடந்துச்சு, நான்தான் கூட்டி எடுத்தேன். இப்ப ரொட்டிய மெல்ல முடியல, கஞ்சியத்தான் முழுங்குறாரு. பேட்டரியில யாரு, என்னத்த ஊத்துனதுன்னு கேட்டாங்க. முக்பில் வாயி ரத்தமா இருக்கு, பேச முடியல. என்னையப் பாத்தாரு. நான் என்ன சொல்லுவேன்? உங்க அம்மா கொண்டாந்த ஸம்ஸம்தான் உங்க தம்பியக் கொன்னுச்சுன்னு சொல்லவா? சொன்ன நாக்கு வாயில இருக்குமா? இல்ல, நான்தான் ஊத்துனேன்னு சொல்லவா?

உன் புருஷன் பேரு எப்படி வந்துச்சுன்னு கேக்குற.

எப்படியோ வந்துச்சு. அவன் அன்னைக்குக் கடையில இல்ல. இல்லாதவன் பேருதான் வாயில சுலபமா வரும்.

அப்படிப் பாக்காத. கிணத்துத் தண்ணிய ஊத்திட்டான், பாட்டில் தண்ணிய மிச்சம் பிடிச்சு வித்துட்டான்னு சொன்னேன். ஆமா, நான்தான். சொல்லி முடிச்சதும் ஸ்பேனரக் கீழ போட்டுட்டாங்க பாரு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. உன் புருஷன் நல்லவன். தங்கமானவன். எங்களுக்குச் சோறு போட்டவன். அதான் அவனுக்கு ஓடுறதுக்கு நேரம் கிடைக்கட்டும்னு, அவன் வீடு எங்கன்னு கேட்டப்ப முதல்ல பழைய வீட்டத்தான் காட்டிக் கொடுத்தேன். இதை நீ மறந்துடக் கூடாது.

அவன் கிடைக்கலன்னதும் திரும்ப வந்தாங்க. இந்தத் தடவ அடிக்கல. தணிவாத்தான் பேசுனாங்க. அவன் கிடைக்கலன்னா அவன் பொண்டாட்டி போதும், அவ எங்க இருக்காளோ அங்க அவன் தானா வருவான். எப்படியும் உன்கிட்டதான் வந்து அழுவா, வந்தா சொல்லியனுப்புன்னாங்க. அவளும் கிடைக்கலன்னா? கேட்டேன் நான். அப்ப நீதான் இருக்கியேன்னாங்க.

இரு. பேசாத கொஞ்சம். வெளிய கேக்குதா? டீசல் வண்டி. நம்ம சந்துக்குள்ளதான் திரும்புது. ராஜிஹ் வண்டி சத்தம் எனக்கு நல்லாத் தெரியும், புது பேட்டரி நான்தான் மாட்டிக் கொடுத்தேன். ஷாயிஃப் சொன்ன மாதிரியே, மெதுவா சார்ஜ் ஏத்தி, பாட்டில் தண்ணி மட்டும் விட்டு, கிரீஸ் தடவி.

கதவ இழுக்காத வஸீலா, திறக்காது. நீ உள்ள வந்து பர்தாவ உதறிக்கிட்டு இருந்தப்பவே பூட்டிட்டேன். சாவி என் மாருக்குள்ள இருக்கு. ஜன்னலயும் பாக்காத, கம்பி போட்டிருக்கு. பல்லு இல்லாத மனுஷனுக்கு ரொட்டி எதுக்கு, யோசிக்க மாட்டியா நீ? அவரு போனது மேட்டு முகாமுக்கு.

நின்னுடுச்சு பாரு. ஆனா எஞ்சின அணைக்கல. இப்பல்லாம் எங்க நின்னாலும் அணைக்கிறதில்ல, பேட்டரி மேல நம்பிக்கை போச்சு அவங்களுக்கு. அதனால அதிக நேரம் நிக்க மாட்டாங்க. கத்திக்கிட்டு இருக்காம, ஷாயிஃப் எங்கன்னு கேட்டா முதல் தடவ கேக்குறப்பவே சொல்லிடு, அடிக்க மாட்டாங்க. நான் கண்டது அதான்.

முகத்த மூடிக்கோ. கதவத் திறக்கப் போறேன்.