மாடிப்படிக் கதவு விண்ணப்பம்

எனக்குத் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்காமலே அப்படிக் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிதிப் பிரிவு என் பொறுப்பு. முன்பெல்லாம் பேராசிரியர்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வருவார்கள். கையெழுத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் மகள் கல்யாணம், மூட்டுவலி என்று எல்லாம் பேசுவார்கள். வேலை முழுவதும் கணினிக்கு மாறிய பிறகு ஈ, காக்கை கூட என் அறையை எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டிலும் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை மாலை மூடிய வாயைத் திங்கட்கிழமைதான் திறப்பேன். அது எனக்குத் தாங்கவில்லை, மறைப்பானேன்.

குழந்தைகள் காப்பகங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி. அவள் போய்வந்த காப்பகம் ஒன்று முதல் மாடியில் இருந்தது. பதினான்கு குழந்தைகளுக்கு ஒரே ஒரு அக்கா. அவர் ஒரு குழந்தைக்குத் துணி மாற்றத் திரும்பினால் இன்னொன்று படிக்கட்டுப் பக்கம் தவழ்ந்துவிடும். முதலாளி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தன் பயணத்துக்கு ஒதுக்கிய நிதியில் படியோரம் ஒரு தடுப்புக் கதவு போட அனுமதி கேட்டு இவள் விண்ணப்பித்தாள். மிக அவசரம் என்று குறித்திருந்தாள்.

விண்ணப்பத்தோடு இணைத்த தாளில் தேதி இல்லை. ‘திருத்தத்துக்குத் திருப்புக’ என்ற பொத்தானை அழுத்தினேன். மற்றவர்கள் வீட்டிலிருந்தே திருத்தி அனுப்பிவிடுவார்கள். இவள் மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

“சார், இந்த சாஃப்ட்வேருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்” என்று சிரித்தாள்.

ஒரு மணி நேரம் இருந்தாள். அந்த அக்காவின் இடுப்புவலியைப் பற்றிச் சொன்னாள். கிளம்பும்போது, “நீங்க சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டாள். என்னை யாரும் அப்படிக் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது.

மறுவாரம் கடைக்காரரின் விலைப்புள்ளியில் முத்திரை மங்கலாக இருந்தது. அதற்கடுத்த வாரம் கதவின் அளவு சென்டிமீட்டருக்குப் பதில் அங்குலத்தில் இருந்தது. ஆறு வாரம், ஆறு முறை. இல்லாத குறை எதையும் நான் எழுதவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், அவ்வளவுதான்.

ஆறாம் முறை அவள் சிரிக்கவில்லை. “அந்த அக்கா ரொம்ப பயப்படுறாங்க சார். நானே கைக்காசு போட்டு வாங்கி மாட்டிடட்டுமா?”

“வேண்டாம்மா. ஆய்வு பண்ற இடத்துக்கு நீங்களே பொருள் குடுத்தா ஆய்வு ரத்தாயிடும். அந்த அக்கா வேலைக்கும் உலை வெச்சிடுவாங்க.”

அப்படியொரு விதி கிடையாது. விதிகளைத் தொகுத்தவனே நான்தான். கதவு மாட்டிவிட்டால் அவள் வரமாட்டாள் என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தோன்றியது.

ஏழாவது விண்ணப்பம் என் திரையில் இருந்தபோது குழந்தை விழுந்தது. பதினோரு மாதம். நீங்கள் முதலில் அந்த அக்காவைத்தான் இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அன்று மாலை இவள் எனக்குத் தொலைபேசினாள். பன்னிரண்டு நிமிடம் அழுதாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனை வைக்க மனம் வரவில்லை.

குழந்தை செத்தது என்னால்தான். அனுமதி கொடுப்பது இரண்டு நிமிட வேலை. தெரிந்தேதான் செய்யாமல் இருந்தேன்.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாம் பக்கத்தில் மட்டும் காப்பகத்தின் கதவிலக்கம் விட்டுப்போயிருக்கிறது. திருத்திக்கொண்டு நாளைக்கு வாருங்கள். ஒன்றும் அவசரமில்லை.