பஞ்சையும் மையையும் சேர்த்து வைத்தேன்

பதினொரு நாள் கொடுத்தால் உலகத்தில் எந்த இரண்டு ஜென்மங்களையும் ஒரே தட்டில் சாப்பிட வைத்துவிடுவேன். சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார்.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். நான் நிறுத்தும் லிஃப்டில் தலையில் குடத்தோடு ஒருத்தி நின்றாலும் ஒரு சொட்டு சிந்தாது. ஓய்வு பெற்றபின் வீட்டில் இரண்டு மகள்கள், ஆளுக்கொரு முயல். பெரியவளுடையது பஞ்சு, சின்னவளுடையது மை. ஒரே கூண்டில் விட்டோம். பறந்த ரோமத்தில் மெத்தை தைத்து, தலையணைக்கும் மிச்சம் வைத்திருக்கலாம்.

முயல் சண்டையைத் தீர்க்க முறை இருக்கிறது. முதலில் படுக்கை வைக்கோலை மாற்றிப்போட்டு, ஒன்றின் வாடையை மற்றதற்குப் பழக்க வேண்டும். பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு சின்ன இடம். நான் குளியலறையை எடுத்துக்கொண்டேன். ஒளிய மூலை கூடாது. தண்ணீர் ஒரே கிண்ணத்தில். அப்படியும் மசியவில்லை. கூடையில் போட்டு மூடி நன்றாகக் குலுக்கினேன். இது என் சொந்தக் கைவண்ணம். திறந்தபோது ஒன்றின் கழுத்துக்குள் மற்றது முகத்தைப் புதைத்திருந்தது. பதினொன்றாம் நாள் ஒரே தட்டு.

சின்னவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது பாசம் இல்லப்பா, பயம். வேற போக்கிடம் இல்லாம ஒட்டிக்கிட்டிருக்கு."

"ஒட்டிக்கிச்சா இல்லையா, அதைச் சொல்லு."

"உங்ககிட்ட பேசறதுக்கு மைகிட்ட பேசலாம். அதுவாவது காதை ஆட்டும்."

அவர்கள் அம்மா போனதிலிருந்து அக்காவும் தங்கையும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிப்பதில்லை. நீதான் கவனிக்காமல் விட்டாய் என்று இருவருக்கும் ஒரே குறை. கடைசியில் சின்னவள் மையைத் தூக்கிக்கொண்டு தனி வீடு போகிறேன் என்றாள். சேர்ந்த ஜோடியைப் பிரித்தால் ஒன்று தீனி எடுக்காமல் கிடந்தே செத்துப்போகும். முயலைத்தான் சொல்கிறேன்.

ஒன்பது நாள் அவர்களுடைய போர்வைகளை மாற்றி மாற்றி மடித்து வைத்தேன். இருவரும் கவனிக்கவில்லை. பத்தாம் நாள் காலை, ஏழாவது மாடியில் சின்னவளுக்கு ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனேன். தொலைந்தால் சரி என்று பெரியவளும் வந்தாள். புதுக் கட்டிடம், இன்னும் யாரும் குடிவரவில்லை. பெயிண்டர்களுக்கு இரண்டு நாள் விடுமுறை. அந்த லிஃப்டை மாட்டிய பையன்கள் என்னிடம் தொழில் படித்தவர்கள், சாவி கேட்டால் தருவார்கள். அபாய மணியின் வயரை முந்தின நாளே கழற்றியிருந்தேன்.

"நீங்க ஏறுங்கம்மா. டாக்டர் என்னைப் படியில நடக்கச் சொல்லியிருக்கார்."

நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நிறுத்தினேன். ஒரு சொட்டு சிந்தியிருக்காது. உள்ளே செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. முதல் மணி நேரம் ஒருத்தியை ஒருத்தி திட்டினார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கூரைப் பலகையைத் திறந்து ஒரே ஒரு தண்ணீர் பாட்டில் இறக்கினேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை லிஃப்டை இரண்டடி விழவிட்டுப் பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் சுத்தமாக நின்றுவிட்டது.

பதினொன்றாம் நாள் மாலை நானே இறக்கிக் கதவைத் திறந்தேன். வெளியே வாங்கம்மா என்றேன். வரவில்லை. மறந்த டிபன் கேரியரை எடுக்க வந்த பெயிண்டர் பார்த்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டார். அவசரக்காரர்.

இவ்வளவு சொல்லியும் நீங்கள் முதலில் நம்பவில்லை. "இப்படியெல்லாம் யாராவது சேருவாங்களா, பெரியவரே?" என்று கேட்டீர்கள். பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றேன். போனீர்கள். வந்ததும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். நான் கொஞ்சம் பெருமையாகத்தான் இருமினேன். நீங்கள் சொன்னதை அப்படியே கீழே எழுதிவிடுங்கள், சாட்சிக்கு ஆகும்:

"ரெண்டு தட்டு வெச்சோம். ஒண்ணுலதான் சாப்பிடறாங்க. இப்ப நீங்க இருமினது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும், பெரியவரே. ஒருத்தி கழுத்துல ஒருத்தி முகத்தைப் புதைச்சிருப்பாங்க. சேர்ந்துட்டாங்க. ஒத்துக்கறேன்."